ஒரே ஒரு கட்டம்

“நான் அதை ஆடமாட்டேன்” என்று கண்ணாடிக்காரி சொன்னபோது அவளுடைய அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நூலகத்து மாடியறையில் நீள மேசைமேல் நான்கு சதுரங்கப் பலகைகளை விரித்து, காய்களை ஈரத்துணியால் துடைத்து நிறுத்திக்கொண்டிருந்தார். மன்றத்தின் செயலாளர் அவர். அணித் தலைவரும் அவர்தான். விதிகளை எழுதி, தட்டச்சு செய்து, கதவுக்குப் பின்னால் ஒட்டியவரும் அவரே. அந்த அறையில் மின்விசிறிகூட அவரைக் கேட்காமல் சுற்றாது.

“எதை?” என்றார்.

“உன் நோட்டுல இருக்கிற பதினேழு நகர்த்தலை.”

அப்போதுதான் நிமிர்ந்தார். கையிலிருந்த யானையை மேசைமேல் வைத்தார்.

மன்றத்தில் எல்லாருக்கும் தொழில்தான் பெயர். தபால்காரர் என்பார்கள், பேக்கரி என்பார்கள். கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள் என்பதால் இவள் கண்ணாடிக்காரி. வயது நாற்பத்தொன்று. மூன்று வருஷத்துக்கு முன்பு, லீக் போட்டியில் ஒவ்வொரு அணியிலும் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று விதி வந்தபோது, அண்ணன்தான் கடைக்கு வந்து இவளைப் பிடித்துக்கொண்டு போனார். “நீ சும்மா வந்து உட்காரு. ஜெயிக்கிறதை நாங்க பாத்துக்கறோம்” என்றார். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை, அவ்வளவுதான் கணக்கு. ஆனால் உட்கார்ந்தவளுக்கு ஆட்டம் பிடித்துப்போய்விட்டது. அது யாருடைய கணக்கிலும் இல்லாத விஷயம். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு நான்காவது மேசையில் போய் அமர்ந்தால், மாமியாரின் மாத்திரை, கடையில் திரும்பி வந்த கண்ணாடி, மகளின் பரீட்சை எல்லாம் படிக்கட்டிலேயே நின்றுவிடும். வாரத்தில் அந்த நான்கு மணி நேரம்தான் அவளுக்கே அவளுக்கு.

அந்த நாற்காலிக்குத்தான் இப்போது ஆபத்து.

கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த விதிகளில் ஒன்பதாவது விதி இது: ஒரு பருவம் முழுக்க ஒரு ஆட்டமாவது ஜெயிக்காதவர் அடுத்த பருவம் மேசையில் உட்கார முடியாது. கடிகாரம் முடுக்கலாம், நாற்காலி அடுக்கலாம், வேடிக்கை பார்க்கலாம். சோம்பேறிகளை விரட்டுவதற்காக அண்ணன் எழுதிய விதி. இந்தப் பருவத்தில் கண்ணாடிக்காரி ஆறு ஆட்டம் ஆடி ஆறிலும் தோற்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஏழாவது, அதுதான் கடைசி. கல்லூரி அளவில் பரிசு வாங்கிய ஒரு பெண் அடுத்த பருவத்துக்கு மன்றத்தில் பெயர் கொடுத்தாயிற்று. ஆகவே பேருக்கு ஒரு பெண்ணாக இவளை வைத்துக்கொள்ளும் அவசியமும் போய்விட்டது.

அந்த ஆறு தோல்வியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெள்ளைக் காயோடு ஆடுகிறவர் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி ஆரம்பித்தால், கறுப்புக் காய்க்காரர்களில் பாதிப் பேர் அதற்கு நேரே போய் முட்டமாட்டார்கள். ராணிப் பக்கத்து மந்திரிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவார்கள். சிசிலியன் என்று அதற்குப் பெயர். இந்தப் பருவம் முழுக்க நான்காவது மேசைக்குக் குலுக்கலில் வெள்ளைக் காய் விழுந்திருந்தது, எதிரே வந்த ஆறு பேரும் அதையேதான் ஆடினார்கள். அதை எப்படி உடைப்பது என்று அண்ணன் ஒரு நோட்டில் பொடி எழுத்தில் பதினேழு நகர்த்தல் எழுதி, கிளைக்குக் கிளை வண்ணப் பென்சிலால் அடிக்கோடிட்டு, தங்கையிடம் கொடுத்திருந்தார். அவளும் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி அதை மனப்பாடம் செய்து ஆடினாள். ஆடி ஆடித் தோற்றாள்.

சென்ற வாரம்தான் அவளுக்குப் புத்தி தெளிந்தது. கடையில் லென்ஸ் ஓரம் தேய்க்கிற இயந்திரம் ஒரு கண்ணாடிக்கு நாலைந்து நிமிஷம் எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் ஆறு ஆட்டங்களின் நகர்த்தல் தாள்களையும் மேசைமேல் வரிசையாகப் பரப்பி, நோட்டோடு வைத்துப் பார்த்தாள். முதல் ஆட்டத்தில் எதிராளி ஐந்தாவது நகர்த்தலிலேயே நோட்டை விட்டு விலகியிருந்தார். இரண்டாவதில் நான்காவது நகர்த்தல். மூன்றாவதிலும் ஐந்து. ஒருத்தர்கூட ஆறைத் தாண்டவில்லை!

“அட கடவுளே!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்தவர் பயந்துபோய், “என் பவர் அவ்வளவு மோசமா?” என்று கேட்டார்.

முதல் மேசையில் ஆடுகிற அண்ணனுக்கு எதிரே உட்காருகிறவர்களும் அதே புத்தகங்களைப் படித்தவர்கள். அவர்கள் பதினேழு நகர்த்தலும் ஒழுங்காக வருவார்கள். நாலாவது மேசையில் உட்காருகிறவன் மனுஷன். அவன் தோன்றியதை ஆடுவான். புத்தகம் படிக்காதவனிடம் புத்தகப்படி ஆடி, அவன் புத்தகத்தில் இல்லாததை ஆடியதும் திருதிருவென்று முழிப்பதற்கா மூன்று மாதம் மனப்பாடம் பண்ணினாள்? அன்று முழுக்க அவளுக்கு வயிறு எரிந்தது.

எரிந்த வயிற்றோடு வீட்டுக்குப் போய், சாப்பாடு முடிந்ததும் சமையலறை மேசையில் பலகையை விரித்து, புருஷனைக் கூப்பிட்டாள். அவர் மின்சார வேலை பார்க்கிறவர். காய்களை நகர்த்தத் தெரியும், அதற்குமேல் தெரியாது.

“நான்தான் ஒண்ணும் படிச்சதில்லையேம்மா” என்றார்.

“அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். உட்காருங்க.”

முதலில் அண்ணனின் நோட்டை ஆடினாள். எட்டாவது நகர்த்தலில் புருஷனே அவளைத் திணறடித்தார். அடுத்து, தபால்காரர் எப்போதோ சொன்ன வழி. ஒரு சிப்பாயை வேண்டுமென்றே தானமாகக் கொடுத்துவிட்டு, எதிராளி அதைத் தின்று முடிப்பதற்குள் பாய்ந்து தாக்க வேண்டும். புருஷன் அந்தச் சிப்பாயைத் தின்றார். இன்னொன்றையும் தின்றார். “ஓசியில குடுத்தா வேண்டாம்னா சொல்லுவாங்க? வேற ஏதாச்சும் இருக்கா?” என்று கேட்டார். தாக்குகிறவளுக்கு எங்கே தாக்குவது என்றே தெரியவில்லை. அதெல்லாம் கை பழகினவர்களுக்கு.

பிறகு ஆறு தாள்களையும் மறுபடி எடுத்தாள். ஆறிலும் ஒரே இடத்தில்தான் வலி. அவளுடைய ராணிச் சிப்பாய் நடுவுக்குப் போகும், எதிராளியின் மந்திரிச் சிப்பாய் வந்து அதை வெட்டும், இவள் குதிரையால் திருப்பி வெட்டுவாள், நடுப்பலகையில் இவளுக்கு ஒரு சிப்பாய் குறைந்துவிடும். சரி, அங்கே வெட்டுப்பட்டால் குதிரைக்குப் பதிலாக இன்னொரு சிப்பாய் வந்து நிற்கிற மாதிரி முதலிலேயே ஏற்பாடு செய்தால்? அவள் தன் ராணிப் பக்கத்து மந்திரிச் சிப்பாயை எடுத்தாள். இரண்டு கட்டம் இல்லை, ஒரே ஒரு கட்டம் தள்ளி வைத்தாள்.

புருஷன் வெட்டினார். அவள் சிப்பாயால் வெட்டினாள். நடு அப்படியே நின்றது. அவர் வேறு ஏதோ ஆடினார். அப்போதும் நின்றது. அவர் எதை ஆடினாலும், அடுத்து என்ன செய்வது என்று அவளுக்கே தோன்றியது. யாருடைய பொடி எழுத்தையும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. மூன்று ஆட்டம் ஆடினார்கள், மூன்றிலும் அவருடைய ராஜா தலை கவிழ்ந்தது.

“இது நல்லா இருக்கும்மா” என்றார் அவர், கொட்டாவியோடு. “நீ முழிக்கவே இல்லை பாரு.”

மறுநாள் நூலகத்தில் புத்தகத்தைப் புரட்டினால், அதற்கு ஏற்கெனவே ஒரு பெயரும் இருந்தது, அலாப்பின் என்று. புதிதாய் ஆடுகிறவர்களுக்கு ஏற்றது என்று ஒரு வரியும் போட்டிருந்தது. அவளுக்கு ஒரே சந்தோஷம்.

இதையெல்லாம் இப்போது, வியாழக்கிழமைப் பயிற்சியில், அண்ணனிடம் சொன்னாள். அவர் பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்தார்.

“அதுவா? அது சின்னப்பிள்ளைங்க ஆடுறது. குதிரை நிக்க வேண்டிய இடத்துல கொண்டுபோய் சிப்பாயை நிறுத்தினா, குதிரை எங்கே போகும்? உன் தலைமேலயா?”

“இடம் காலியானதும் வரும்.”

“ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். ஆறு ஆட்டம் தோத்துட்டு இப்போ நோட்டு மேல பழி போடறியா?”

“ஆறு பேர்ல ஒருத்தன்கூட உன் நோட்டைப் படிச்சவன் இல்லை அண்ணா. இந்தா, தாள் இருக்கு, நீயே பாரு.”

அவர் தாளைத் தொடக்கூட இல்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆளிடம் நாலாவது காலைக் காட்டி என்ன பிரயோஜனம்? “என் அணியில யாரும் பயந்தாங்கொள்ளி ஆட்டம் ஆடக்கூடாது. ஞாயித்துக்கிழமை உன் எதிரே உட்காரப்போற பல் டாக்டர் சிசிலியன்தான் ஆடுவார். நீ நோட்டுப்படி ஆடு. தோத்தாலும் கௌரவமா தோக்கலாம்” என்றார்.

கௌரவமாகத் தோற்பதாம்! அவளுக்குக் காது மடல்வரை சூடேறியது. “தோக்கப் போறது நான். அதுல கௌரவம் உனக்கா?” என்று கேட்டுவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மாடியறை நிரம்பி வழிந்தது. லீக் பட்டியலில் எதிரணி ஒரு புள்ளி முன்னால் இருந்தது, அன்றைய போட்டியில் ஜெயிக்கிற அணிக்கு இரண்டு புள்ளி. ஆட்டங்களில் சமன் ஆனால் கோப்பை அவர்களுக்கு, நாலு மேசையையும் சேர்த்து அரை ஆட்டம் கூடுதலாக எடுத்தாலும் இவர்களுக்கு. நான்காவது மேசையில் பல் டாக்டர் வந்து அமர்ந்தார். அங்கே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது அவர் முன்னால் வாயைப் பிளந்தவர்கள். அதனால் அவரைப் பார்த்தாலே எல்லாருக்கும் ஒரு அடக்கம்.

அவள் ராஜாவின் சிப்பாயைத் தள்ளினாள். அவர் சிசிலியன் ஆடினார். அவள் மந்திரிச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளிவைத்துக் கடிகாரத்தை அமுக்கினாள். முதல் மேசையில் அண்ணன் திரும்பிப் பார்த்தது அவளுக்கு முதுகிலேயே தெரிந்தது. டாக்டர் லேசாகப் புன்னகைத்தார், பால்பல்லைப் பார்த்த மாதிரி.

அவர் நடுவில் முட்டினார், வெட்டினார்கள், அவருடைய ராணி சீக்கிரமே நடுப்பலகைக்கு வந்து கொலுவிருந்தது. வரட்டும் என்று விட்டாள். ராணிச் சிப்பாயை நடுவுக்கு அனுப்பினாள். அவர் அதை வெட்டினார். அவள் அந்த ஒரு கட்டச் சிப்பாயால் திருப்பி வெட்டினாள். இப்போது அது நின்ற கட்டம் காலி. அதில் குதிரை வந்து உட்கார்ந்து ராணியைப் பார்த்தது. ராணி எழுந்து ஓடியது. அவ்வளவுதான், குதிரை எங்கே போகும் என்று கேட்டவருக்கு அங்கே இருந்தது பதில்.

டாக்டர் புன்னகையை மடித்து உள்ளே வைத்துவிட்டு யோசிக்க ஆரம்பித்தார். தன் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, அவளுடைய நடுச்சிப்பாயைச் சீண்டினார். அவள் அதை வெட்டவில்லை. பக்கத்தாலேயே ஒரு கட்டம் முன்னால் போனாள். அவருடைய குதிரை ஓரத்துக்கு ஓடியது. இனி அந்தச் சிப்பாயை மறிக்க எதிரிச் சிப்பாய் ஒன்றும் கிடையாது. காய்கள் ஒவ்வொன்றாக மாறி மாறி வெட்டுப்பட்டு டப்பாவுக்குள் போயின. ராணிகளும் போயின. இரண்டு மணி நேரம் கழித்து ஆளுக்கு ஒரு யானையும் சில சிப்பாய்களும் மட்டும் மிச்சம். அவளுடைய நடுச்சிப்பாய் ஏழாவது வரிசையில் நின்றது. இன்னும் ஒரு கட்டம் போனால் ராணி. அந்தக் கட்டத்தில்தான் டாக்டரின் யானை மலை மாதிரி உட்கார்ந்திருந்தது.

அவள் தன் யானையைப் பக்கத்து நெடுவரிசைக்கு நகர்த்தினாள். டாக்டர் பேராசைப்பட்டுச் சிப்பாயை வெட்டினால், அவள் யானை கடைசி வரிசைக்கு இறங்கி, சொந்தச் சிப்பாய்களுக்குப் பின்னால் அடைபட்டிருந்த ராஜாவை அங்கேயே முடித்துவிடும். ஆனால் அவர் அதைப் பார்த்துவிட்டார். ராஜாவுக்கு முன்னால் ஒரு சிப்பாயைத் தள்ளி, மூச்சு விட ஒரு ஜன்னல் திறந்தார். இப்போது அந்தப் பயம் போயிற்று. அடுத்த நகர்த்தலில் சிப்பாயை ஓசியில் வெட்டலாம்.

“டிரா?” என்று கேட்டு, கடிகாரத்தை அமுக்கினார்.

அவளிடம் நாலு நிமிஷம் இருந்தது. மற்ற மூன்று ஆட்டமும் முடிந்திருந்தன. அண்ணன் ஜெயித்தார், தபால்காரர் ஜெயித்தார், பேக்கரி தோற்றார். இரண்டுக்கு ஒன்று. டிரா ஆனால் கோப்பை கிடைத்துவிடும். மொத்தக் கூட்டமும் நான்காவது மேசையைச் சுற்றி நின்றது.

அணிப் போட்டியில் தலைவர் தன் ஆட்டக்காரரிடம் மூன்றே மூன்றுதான் பேசலாம். டிரா கேள், டிராவை ஒத்துக்கொள், ஆட்டத்தை விட்டுக்கொடு. நகர்த்தலைப் பற்றி மூச்சு விடக்கூடாது. கேட்பதும் கேட்காததும் ஆடுகிறவர் இஷ்டம். அண்ணன் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

“ஒத்துக்கோ” என்றார்.

ஒத்துக்கொண்டால் கோப்பை மன்றத்துக்கு. ஒன்பதாவது விதி அவளுக்கு. ஆறு தோல்வி, ஒரு டிரா, ஜெயம் இல்லை. அடுத்த பருவம் கோப்பைக்குப் பக்கத்தில் நின்று நாற்காலி அடுக்கலாம். விதியை எழுதியவருக்கு இது தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறார்.

“முடியாது.”

“ஏய், அந்தச் சிப்பாய்...”

“தலைவரே!” என்று நடுவர் அதட்டினார். “பலகையைப் பத்திப் பேசக்கூடாது.”

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். “டிராவை ஒத்துக்கோன்னு தலைவரா சொல்றேன்.”

“தலைவர் சொல்லியாச்சு, நான் கேட்டாச்சு” என்றாள் அவள் திரும்பாமலேயே. “இப்போ தள்ளி நில்லுங்க. வெளிச்சம் மறைக்குது.”

பிறந்ததிலிருந்து அண்ணனை ‘நீ’ என்று கூப்பிட்டவள் ‘நில்லுங்க’ என்றாள். அது அவருக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். ஒரு அடி தள்ளித்தான் நின்றார்.

முடியாது என்று சொல்லியாயிற்று. ஆனால் என்ன ஆடுவது என்று அவளுக்குத் தெரியாது! உண்மை அதுதான். கோபத்தில் வந்த வார்த்தை. சிப்பாய் போனால் தோல்வி நிச்சயம். தோற்றால் நாற்காலியும் போகும், கோப்பையும் போகும். இத்தனை பேர் முகத்திலும் இனி எப்படி முழிப்பது? சிப்பாயைக் காப்பாற்ற யானையைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனால்? அவர் ராஜா இரண்டு அடி வைத்து வந்து அதைத் தின்றுவிடும். காப்பாற்ற வழியே இல்லை. மூன்று நிமிஷம். இரண்டரை.

காப்பாற்ற முடியாததை எதற்குக் காப்பாற்ற வேண்டும்?

அந்தக் கேள்வி வந்ததும் அவள் சிப்பாயை விட்டுவிட்டு யானையைப் பார்த்தாள். அவருடைய யானை அசையாமல் உட்கார்ந்திருப்பதால்தானே வழி அடைபட்டிருக்கிறது? அதை எழுப்பிவிட்டால்? அவள் ஒருமுறை கணக்குப் போட்டாள். மறுபடி போட்டாள். தன் யானையைத் தூக்கி, கடைசி வரிசையில், அவருடைய யானைக்கு நேர் பக்கத்தில், வெட்டு என்று நீட்டுவது போலக் கொண்டுபோய் வைத்தாள்.

கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். பின்னால் அண்ணன் “போச்சு” என்று முனகியது கேட்டது. கேட்காதவள் போலக் கடிகாரத்தை அமுக்கினாள்.

டாக்டர் யானையைத் தொடப்போனவர் கையைப் பாதியிலேயே நிறுத்தினார். வெட்டினால், சிப்பாய் குறுக்கே வெட்டிக் கடைசி வரிசையில் ஏறி, ராணியாகி, செக்கும் வைக்கும். வெட்டாமல் ராஜாவை நகர்த்தினால், இவள் அவருடைய யானையை வெட்டிவிடுவாள். யானை விலகிப் போகவும் இடமில்லை. விலகினால் சிப்பாய் ராணி. அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷத்துக்குமேல் அவரிடம் நேரம் இருந்தது. அதில் ஆறு நிமிஷத்தைச் செலவழித்தார். பிறகு கடிகாரத்தை நிறுத்தி, எழுந்து, கை நீட்டினார்.

“ரெண்டாவது நகர்த்தல்ல உங்களைப் பாத்து சிரிச்சேன்” என்றார். “தப்புத்தான்மா.”

தபால்காரர் விசிலடித்தார். பேக்கரி அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். மூன்றுக்கு ஒன்று. கோப்பையை யாரோ தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள், கூட்டமும் பின்னாலேயே போயிற்று. அவள் மட்டும் எழவில்லை. அண்ணன் டாக்டரின் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார். அவருக்கு வேர்த்திருந்தது.

“அந்த யானையை முதல்லயே பாத்துட்டுத்தானே முடியாதுன்னு சொன்னே?”

“இல்லை. சொன்னப்புறம்தான் பாத்தேன்.”

“அடிப்பாவி!” அவர் மேசையைத் தட்டினார். “தோத்திருந்தா? நாலு பேர் மூணு மாசமா பட்ட பாடு! தோத்திருந்தா யார் பொறுப்பு?”

“நான்” என்றாள். “என் தோல்வின்னு நானே சொல்லியிருப்பேன். அண்ணா, இந்தப் பருவத்துல ஆறு தடவை உன் ஆட்டத்தை ஆடித் தோத்தேன். நோட்டு உன்னுது, நகர்த்தல் உன்னுது. தாள்ல தோத்தவ பேரு மட்டும் என்னுது. ஒரு தடவையாவது ‘நான் குடுத்ததுதான் தப்பு’ன்னு உன் வாயில வந்துதா? யார் பொறுப்புன்னு இன்னிக்குத்தான் உனக்குக் கேக்கத் தோணுச்சா?”

கீழே தெருவில் தபால்காரரின் விசில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணன் பலகைமேல் குனிந்தார். அவளுடைய சிப்பாயை எடுத்தார், தடவிப்பார்த்தார், இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

“கறுப்புக் காய் வந்தா என்ன ஆடப் போறே?” என்று கேட்டார். மூன்று வருஷத்தில் என்ன ஆடுவது என்று அவர் அவளிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. இதுவரை சொல்லித்தான் பழக்கம்.

கண்ணாடிக்காரி எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“அதை நான் பாத்துக்கறேன்” என்றாள்.